மேற்கு ஜன்னலுக்கு வந்த ஏசி

அத்தியாயம் 9

ஆமினாவின் வீட்டில் கோடைக்கென்று தனிச் சட்டம் உண்டு.

விடியலில் சுபுஹு தொழுத கையோடு அடுப்பைப் பற்ற வைத்துவிட வேண்டும். எதிர்க் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டி மேல் வெயில் ஏறுவதற்குள் சோறும் ஆணக் குழம்பும் இறக்கியாக வேண்டும். அதற்கப்புறம் அடுக்களையில் நெருப்பு கூடாது. நடுப்பகல் லுஹருக்கு முன்னால் மேற்கு ஜன்னலைச் சாத்தி, பழைய கைலி ஒன்றை நனைத்துப் பிழிந்து அதன்மேல் தொங்கவிட வேண்டும். கிழக்கு ஜன்னலை மட்டும் யாரும், எதற்காகவும் சாத்தக் கூடாது.

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிச் சாலையில், மூன்று மாடிக் குடியிருப்பின் உச்சி வீடு அது. தலைக்கு மேலே நேராக மொட்டை மாடி. பகலெல்லாம் அது வாங்கிய வெயிலை ராத்திரியெல்லாம் வீட்டுக்குள் இறக்கும். பிள்ளைகள் படிப்புக்காக அதிராம்பட்டினத்தை விட்டு இங்கே குடிவந்த முதல் சித்திரையில், இந்த வீட்டை யார் தலையிலாவது கட்டிவிட்டு ஊருக்கே போய்விடலாம் என்று ஆமினா அழுதிருக்கிறாள். அப்புறம் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டாள். எந்த மூலையில் தரை சூடேறாமல் இருக்கும், மண்பானையை எங்கே வைத்தால் தண்ணீர் குளிரும், மொட்டை மாடிக்கு எப்போது தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

அவள் புருஷன் ஹாஜா மைதீனுக்கு இதெல்லாம் தெரிய வழியில்லை. ஷார்ஜாவில் அவர் ஏசி மெக்கானிக். கோடை என்றால் அங்கே அவர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. கம்பெனிக்காரன் வெயில் மாதங்களில் லீவு கொடுத்ததே இல்லை. இருபது வருஷத்துக்கும் மேலாக அவர் வந்து போனதெல்லாம் கார்த்திகை, மார்கழியில்தான். கல்யாணமான வருஷத்துக் கோடைக்குப் பிறகு, புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து பார்க்கிற கோடை இதுதான்.

போன வாரம் அவர் திடுதிப்பென்று வந்து இறங்கியதை நாம் பார்த்தோம். லீவில் வரவில்லை. விசாவைக் கேன்சல் செய்துவிட்டு வந்துவிட்டார். வழக்கமான அட்டைப் பெட்டிகள் இல்லை. சென்ட் வாசனை இல்லை. ஏன் என்று கேட்டதற்கு, போதும் என்று தோன்றிவிட்டது என்றார். அதற்கு மேல் ஆமினா கேட்கவில்லை. கேட்டால் சொல்லக்கூடிய முகமாக அது இல்லை.

இன்று காலை, ரசத்தை இறக்கி வைத்துவிட்டு அவள் நிமிர்ந்தபோது வாசலில் பேச்சுக்குரல் கேட்டது. இரண்டு ஆட்கள் மூச்சு வாங்கப் பெரிய பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு மூன்றாவது மாடி ஏறி வந்திருந்தார்கள். பின்னாலேயே தச்சர் பக்கிரி, தோளில் சாமான் பையோடு. அவருக்கும் பின்னால் ஹாஜா மைதீன். முகத்தில் கொஞ்சம் வெட்கமும் கொஞ்சம் பெருமையும் கலந்திருந்தன.

பெட்டி மேல் இருந்த ஏசி படத்தைப் பார்த்ததும் மகள் ஜஸீலா புத்தகத்தை மூடிவிட்டாள். கல்லூரியில் கடைசி வருஷம். அடுத்த வாரம் பரீட்சை. ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு படித்துக்கொண்டிருந்த பெண், துண்டை எடுத்துக் கொடியில் வீசிவிட்டு, இனி நான் அந்த ரூமை விட்டு வெளியே வர மாட்டேன் என்று அறிவித்தாள்.

எல்லோரும் படுக்கையறைக்குள் போனார்கள். பக்கிரி டேப்பை எடுத்துக் கிழக்கு ஜன்னலை அளக்க ஆரம்பித்தார். ஆமினா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"அந்த ஜன்னல் வேணாங்க," என்றாள்.

ஹாஜா மைதீன் திரும்பிப் பார்த்தார். "இதுலதான் வைக்கணும். மேற்கால வச்சா மத்தியானத்துக்கு மேல வெயில் மிஷின் முதுகுலயே அடிக்கும். கூலிங் நிக்காது."

"கிழக்கால காத்து வரும்."

"ஏசி போட்டப்புறம் காத்து எதுக்கு ஆமினா?"

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அவள் அடுக்களைக்குப் போய், ஏற்கெனவே கழுவிய பாத்திரத்தை மறுபடி கழுவினாள்.

அந்த ஜன்னலை அவரிடம் எப்படிச் சொல்வது?

மூத்தவன் ஃபஹதும் ஜஸீலாவும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த நாட்களில், பெரிய லீவு விட்டதும் வீட்டுச் சாமான்களை எல்லாம் சுவரோரம் தள்ளிவிட்டு, படுக்கையறைத் தரை முழுக்கத் தண்ணீர் தெளித்து மூவரும் வெறுந்தரையில் படுத்துவிடுவார்கள். கிழக்கு ஜன்னலுக்கு நேர் கீழே இரண்டு தரைக்கல் எப்போதும் சில்லென்று இருக்கும். அதில் யார் முதுகை வைப்பது என்று அண்ணனுக்கும் தங்கைக்கும் அடிதடி நடக்கும். கடைசியில் உம்மாவுக்குத்தான் என்று இருவரும் விட்டுக்கொடுப்பார்கள். அவள் கண்ணயர்ந்ததும் இரண்டு பக்கமும் உருண்டு வந்து ஒட்டிக்கொள்வார்கள்.

பொழுது சாயும் நேரத்தில் அந்த ஜன்னல் வழியாகக் காற்று வரும். முதலில் திரைச்சீலை லேசாக அசையும். அப்புறம் காலண்டர் தாள் படபடக்கும். கடலிலிருந்து கிளம்பி, வயல்வெளி எல்லாம் தாண்டி வருகிற காற்று. 'ஊர்க் காத்து வந்துடிச்சு' என்று ஃபஹத் கத்துவான். ஜஸீலா மூக்கை உறிஞ்சிவிட்டு, இன்றைக்கு அதிராம்பட்டினத்தில் நல்ல மீன் வந்திருக்கிறது என்பாள். இவ்வளவு தூரம் தாண்டி மீன் வாசனை எங்கே வரப்போகிறது! ஆனாலும் மூவரும் மூக்கை உறிஞ்சுவார்கள். சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும்.

அந்தக் கோடைகள் கஷ்டமானவை என்றுதான் அப்போது நினைத்திருந்தாள். ஃபஹத் வேலைக்கென்று மெட்ராஸ் போன பிறகுதான், தன் ஆயுளின் நல்ல நாட்கள் எல்லாம் அந்த ஈரத் தரையில்தான் கழிந்திருக்கின்றன என்று தெரிந்தது.

உள்ளே ஜஸீலாவின் குரல் கேட்டது. அவள் மெதுவாகத்தான் பேசினாள். ஆனாலும் அந்தச் சின்ன வீட்டில் எதுவும் ஒளியாது.

"வாப்பா, அது உம்மாவோட ஜன்னல்."

ஹாஜா மைதீன் பக்கிரியிடம் மேற்கு ஜன்னலை அளக்கச் சொன்னார். வெயில் அடிக்காமல் வெளியே மேலாகச் சட்டம் அடித்து இரண்டு தென்னங்கீற்றைச் சாய்த்துக் கட்டிவிடலாமா என்று கேட்டார். தாராளமாகக் கட்டலாம் என்றார் பக்கிரி.

மரச் சட்டம் பொருந்தியதும், இனி நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஹாஜா மைதீன் சட்டையைக் கழற்றிவிட்டுக் கைலியை மடித்துக் கட்டினார். ஆமினா டீ கொண்டுவந்தவள் டம்ளரைக் கையில் பிடித்தபடியே நின்றாள். புருஷன் வேலை செய்து அவள் பார்த்ததே இல்லை. அவளுக்குத் தெரிந்தது எல்லாம் இஸ்திரி போட்ட சட்டையும், பெட்டி திறக்கும்போது சுற்றி நிற்கும் சொந்தக்காரர்களும், திரும்பிப் போகும் நாள் நெருங்க நெருங்கக் குறைந்துகொண்டே வரும் பேச்சும்தான். இந்த மனிதர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மிஷினை வெளிப்பக்கம் ஒரு நூல் அளவு தாழ்வாகச் சாய்த்து, உள்ளங்கையால் தட்டி, காதை வைத்துக் கேட்டார். திருகாணியை உதட்டில் கவ்விக்கொண்டு ஜஸீலாவிடம் ஏதோ சைகை காட்டினார். அவள் ஸ்டெபிலைசரைத் தள்ளி வைத்தாள். இவ்வளவு காலம் இந்தக் கைகளின் சம்பாத்தியத்தில் சாப்பிட்டும், இந்தக் கைகள் எப்படி அசையும் என்று தெரியாமலே இருந்துவிட்டோமே என்று நினைத்தபோது அவளுக்குப் பாவமாகவும் இருந்தது, ஆசையாகவும் இருந்தது.

சுவிட்சைப் போட்டதும் ஒருமுறை குலுங்கிவிட்டு மிஷின் ஓட ஆரம்பித்தது. சில்லென்ற காற்று முகத்தில் பட்டது. ஜஸீலா கட்டிலில் குதித்து ஏறிப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். பக்கிரி சிரித்தபடியே விடைபெற்றுக்கொண்டு போனார்.

ஆமினா அசையவில்லை. அவள் கண்களில் நீர் கோத்துவிட்டது.

"குளிருதா?" என்றார் ஹாஜா மைதீன்.

"இது உங்க ரூம் சத்தம்," என்றாள் அவள்.

அவருக்கு உடனே விளங்கவில்லை.

பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது வீட்டில் ஃபோன் கிடையாது. அவர் ஷார்ஜாவில் கேசட்டில் பேசிப் பதிவு செய்து, லீவில் வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புவார். பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒருமுறை போடுவாள். அவர்கள் தூங்கியபின் தனக்காக இன்னொருமுறை. அவர் குரலுக்குப் பின்னால் இந்த இரைச்சல் விடாமல் ஓடிக்கொண்டிருக்கும். பேசி முடித்துவிட்டு, பொத்தானை அமுக்க மனசில்லாமல் அவர் சும்மா உட்கார்ந்திருப்பார் போலிருக்கிறது. அப்போது இரைச்சல் மட்டும் தனியாக ஓடும். அதையும் கடைசிவரை கேட்டுவிட்டுத்தான் ஆமினா டேப் ரெக்கார்டரை நிறுத்துவாள். அவளுக்கு அந்தச் சத்தம் என்றால் அவர் அங்கே, தான் இங்கே என்று அர்த்தம்.

தயங்கித் தயங்கி இதை அவள் சொல்லி முடித்தபோது அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

"நீ அனுப்பற கேசட்ல நடுவுல ஃபஹத் ஒரு கத்து கத்துவான், ஊர்க் காத்து வந்துடிச்சுன்னு. ரூம்ல எல்லாருக்கும் போட்டுக் காட்டுவேன். என்னா கத்துறான்னு எனக்கே தெரியாது. சிரிச்சுக்குவோம்." கிழக்கு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இதானா அது?"

இதுதான் என்று ஆமினா தலையசைத்தாள். ஜஸீலா போர்வைக்குள் முகத்தை மூடிக்கொண்டாள்.

மாலைத் தொழுகையான அஸருக்கு அவர் பள்ளிவாசல் போயிருந்த நேரத்தில் ஃபோன் மணி அடித்தது. மெட்ராஸிலிருந்து ஃபஹத். குரலில் சந்தோஷம் பொங்கியது. அவனும் வாப்பா தொழில்தான் படித்திருந்தான். பாலிடெக்னிக்கில் குளிர்சாதனப் பிரிவு. மெட்ராஸில் ஒரு சர்வீஸ் கம்பெனியில் வேலை. ஆமினாவின் தம்பி மீரா சாகிப் ஷார்ஜாவில் இருக்கிறார். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்திருப்பதாக ஃபஹத் முன்பு சொன்னதுண்டு. இவ்வளவு சீக்கிரம் நடக்கும் என்று ஆமினா நினைக்கவில்லை.

விசா காப்பி ஃபேக்ஸில் வந்துவிட்டதாம். அடுத்த வாரமே கிளம்ப வேண்டுமாம். ஏசி டெக்னீஷியன் வேலை.

"வாப்பாகிட்ட நீங்க சொல்லிடாதீங்க உம்மா. நானே சொல்றேன். அவங்க விட்ட எடத்துலேருந்து நான் புடிச்சுக்கறேன். அவங்க இனிமே வீட்ல இருக்கட்டும்."

சரி என்று சொல்லி ரிசீவரை வைத்தாள். மகனுக்கு நல்லது நடந்திருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ் என்று வாய் சொன்னது. ஒருத்தர் வீடு வந்து சேர்ந்த வாரத்திலேயே இன்னொருத்தனை அனுப்ப வேண்டுமா என்று மனசு கேட்டது.

வெயில் தாழ்ந்ததும் வாளிகளை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினாள். ஆழ்குழாயில் தண்ணீர் இறங்கிவிட்டதால், மாடிக்கு ஊற்றக் கூடாது என்று குடியிருப்புச் செயலாளர் ரெங்கசாமி சொல்லியிருந்தார். காவிரியில் தண்ணீர் வராத வருஷம். புது ஆறு என்கிற கால்வாயின் மணலில் பையன்கள் ஸ்டம்ப் நட்டுக் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். அதனால் ஆமினா துணி அலசிய தண்ணீரைச் சேர்த்து வைத்திருந்தாள். ஏசியிலிருந்து சொட்டிய தண்ணீரையும் ஹாஜா மைதீன் குழாய் வைத்து ஒரு வாளியில் பிடித்திருந்தார். அந்த வாளியை அவரே தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார்.

தளத்தில் தண்ணீர் விழுந்ததும் சுர்ரென்றது. அனல் ஆவியாக எழும்பி முகத்தில் அடித்தது. ஆமினாவுக்கு அந்த வாசனை பிடிக்கும். அடுத்த வாளிக்காகக் கை நீட்டித் திரும்பியவள், அவரைப் பார்த்துத் திடுக்கிட்டாள்.

அவர் படிக்கட்டு வாசலிலேயே நின்றிருந்தார். ஒரு கையால் சுவரைப் பிடித்திருந்தார். நெற்றியிலிருந்து வேர்வை தாரையாக வழிந்தது. தளத்தில் கால் வைக்க முயன்று பின்வாங்கினார். ஆமினா வாளியைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அவரை நிழலில் உட்கார வைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று கேட்டாள். வேண்டாம், உடம்புக்கு ஒன்றும் இல்லை என்றார் அவர்.

"கோவிந்தராசுன்னு சொல்லுவேன்ல," என்றார்.

அவளுக்குத் தெரியும். பாபநாசத்துக்காரர். ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். நோன்புக்காலத்தில் இவருக்காக விடியுமுன் ஸஹருக்கு எழுந்து சோறு பொங்கிப் போடுகிறவர். கேசட்டுகளில் சில சமயம் அவர் இருமுவதும், தங்கச்சி நல்லாருக்கா என்று தள்ளி நின்று கேட்பதும் பதிவாகியிருக்கும்.

போன ஆகஸ்டில் ஒரு நடுப்பகலில் இருவரும் ஒரு கட்டடத்து மொட்டை மாடியில் வேலையாக இருந்திருக்கிறார்கள். ஏசி வெளியே தள்ளுகிற அனலும் வெயிலும் சேர்ந்து அங்கே நிற்க முடியாது. ஒரு பாகம் மாற்ற வேண்டியிருந்தது. அதை எடுத்துவர இவர் வண்டிக்கு இறங்கிப் போனார். திரும்பி ஏறி வந்தபோது கோவிந்தராசு மிஷின் பக்கத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அசந்து தூங்குகிறார் என்று நினைத்து இவர் தோளைத் தொட்டிருக்கிறார்.

"தொட்டா கை சுடுது ஆமினா. மனுஷ ஒடம்பு அப்படிச் சுடுமான்னு எனக்குத் தெரியாது. தண்ணிய ஊத்துனேன். ஊத்திக்கிட்டே இருந்தேன்."

அவர் அழவில்லை. கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். உடலை ஊருக்கு அனுப்பி வைத்தார்கள். அந்தக் கட்டிலில் வேறொரு ஆள் வந்து படுத்தான். பனிக்காலம் முழுக்க இவர் எப்படியோ வேலை பார்த்துவிட்டார். மறுபடி வெயில் ஏற ஆரம்பித்ததும் ஏணியில் கால் வைக்க முடியவில்லை. இரண்டு நாள் காய்ச்சல் என்று சொல்லிப் பார்த்தார். மூன்றாவது நாள் கேன்சல் எழுதிக் கொடுத்துவிட்டார்.

"பாபநாசம் இங்கேருந்து எவ்வளவு தூரம்? வந்து ஒரு வாரமாச்சு. அந்த வீட்டு வாசல்ல போயி நிக்கத் தைரியம் வரலை."

ஆமினா அவர் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். திறந்த வெளியில், பக்கத்து மாடியிலிருந்து யாராவது பார்க்கக்கூடும் என்ற எண்ணமே அவளுக்கு வரவில்லை. கல்யாணமான வருஷம், ஊர் வீட்டு மாடியில், புழுக்கம் தாங்காமல் அவள் புரண்ட இரவுகளில் அவர் விசிறிக்கொண்டே இருப்பார். கை வலிக்கலையா என்று கேட்டால், நீ தூங்கு என்பார். அப்படி ஒரு மனிதர் யார் யார் வீட்டுக்கோ குளிர்ச்சி கொடுக்கப் போய், தகிக்கிற தளங்களில் நின்றுவிட்டு வந்திருக்கிறார். அவள் முந்தானையை எடுத்து மெல்ல விசிறினாள்.

சொல்லக் கூடாது என்று மகன் சொல்லியிருந்தான். ஆனால் இதைக் கேட்ட பிறகு எப்படி வாயை மூடிக்கொண்டிருப்பது?

"ஃபஹத் ஃபோன் பண்ணான்," என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள்.

ஹாஜா மைதீன் முகத்தில் கோபம் வரவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அது மேலே ஏறுகிற வேலையா, கடைக்குள் உட்கார்ந்து செய்கிற வேலையா? ஆமினாவுக்குத் தெரியவில்லை. ஏசி டெக்னீஷியன் என்றான், அவ்வளவுதான். அவர் எழுந்துகொண்டார். மகனைத் தடுக்கப் போகிறாரா, வாழ்த்தப் போகிறாரா என்று ஊகிக்க முடியாமல் அவளும் பின்னாலேயே படி இறங்கினாள்.

வீட்டுக்குள் வந்ததும் நேரே ஃபோனுக்குப் போனார். ஜஸீலா அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். நம்பரை ஆமினா சொல்லச் சொல்ல அவர் சுழற்றினார். ஃபஹத் தங்கியிருந்த வீட்டுக்காரர் எடுத்து அவனைக் கூப்பிட்டார்.

"வாப்பா," என்றான் ஃபஹத். உம்மா சொல்லிவிட்டாள் என்பது அவனுக்கு உடனே விளங்கியிருக்க வேண்டும். "சந்தோஷம்தானே?"

ஹாஜா மைதீன் தொண்டையைச் செருமிக்கொண்டார். ஆமினா ரிசீவருக்குப் பக்கத்தில் காதை வைத்தாள். போகாதே என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் போக மாட்டான். அது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"நாளைக்குக் காலையில கும்பகோணம் வழியா வர்ற பஸ்ஸுல ஏறு," என்றார் அவர். "தஞ்சாவூர் வரைக்கும் வராதே. பாபநாசத்துல எறங்கிடு. நானும் உம்மாவும் அங்க ஸ்டாண்டுல நிப்போம்."

"பாபநாசத்துலயா? அங்க நமக்கு யாரு இருக்காங்க?"

"ஒரு வீடு இருக்கு. நானே இன்னும் போகலை. அந்த வீட்டுக்கு மூணு பேரும் போவோம். போயிட்டு வந்து, போறதா வேணாமான்னு நீயே முடிவு பண்ணு. நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்."

நாளைக் காலையில் பாஸ்போர்ட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தாக வேண்டும், இல்லையென்றால் விசா வேறொருவனுக்குப் போய்விடும் என்று ஃபஹத் மெல்லச் சொன்னான். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. இணைப்பு போய்விட்டது. அவன் வைத்தானா, தானாக அறுந்ததா தெரியவில்லை.

ஹாஜா மைதீன் ரிசீவரைப் பிடித்தபடியே நின்றார். ஆமினா அதை அவர் கையிலிருந்து வாங்கி வைத்தாள். பாபநாசத்துக்குப் பஸ் எத்தனை மணிக்கு என்று ஜஸீலாவிடம் கேட்டுவிட்டு, அவன் வந்தாலும் வராவிட்டாலும் நாம் இருவரும் போகிறோம் என்றாள்.